ஒரே சாலை: போர்ட் ஹார்டியிலிருந்து விக்டோரியா வரை

ஞாயிறு, போர்ட் ஹார்டி

வான்கூவர் தீவின் வடகோடியிலுள்ள போர்ட் ஹார்டியில் தொடங்கித் தென்கோடியிலுள்ள விக்டோரியாவில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணச் சட்டமன்றத்தின் முன்றலில் முடியும் அஞ்சலோட்டம் இன்று காலை மழைக்குள்ளே புறப்பட்டது. ஆண்டுதோறும் குளிர்காலத்தின் கடைக்கூற்றில் ‘வூண்டட் வாரியர் ரன் பி.சி.’ என்ற பெயரில் நடக்கும் இந்த ஓட்டம், ‘வூண்டட் வாரியர்ஸ் கனடா’ என்னும் அறநிறுவனத்தின் மனநலத் திட்டங்களுக்கு நிதி திரட்டுகிறது. 2006இல் ஆப்கானிஸ்தானில் தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் காயமுற்ற இளம் படைவீரர் ஒருவரை முன்னிட்டுத் தொடங்கப்பட்ட சிறு நிதிதான் பின்னர் இந்த நிறுவனமாக வளர்ந்தது. இன்று அதன் உதவி முன்னாள் படையினருக்கு மட்டுமல்லாமல், தீயணைப்பாளர், பொலிஸார், துணைமருத்துவர், அவசர அழைப்பு நிலையங்களில் தொலைபேசியை எடுப்போர் ஆகியோருக்கும், அவர்களுடைய குடும்பங்களுக்கும் போய்ச் சேர்கிறது.

நான் ஓடுபவன் அல்லன். வாகனம் ஓட்டவும் தண்ணீர், மாற்றுடை, உணவு முதலியவற்றை ஏற்றி இறக்கவும் தொண்டர்கள் தேவை என்று நண்பர் ஒருவர் சொன்னதால், ஒரு கிழமை விடுமுறை எடுத்துக்கொண்டு, ஹோர்ஸ்ஷூ பேயில் படகேறி நனைமோவில் இறங்கி, அங்கிருந்து ஏறக்குறைய 390 கிலோமீற்றர் வடக்கே வந்து சேர்ந்தேன். விக்டோரியா வரையில் நெடுஞ்சாலை வழியே கணக்கிட்டால் 500 கிலோமீற்றர் வரும். இடையிடையே ஊர்களுக்குள்ளும் பாடசாலைகளுக்கும் திரும்பிச் செல்வதால் ஓட்டக்காரர்கள் கடக்கும் தொலைவு அதனிலும் அதிகம்.

ஓட்டம் நடைபெறும் முறை எளிமையானது. ஒருவரோ இருவரோ சாலையோரத்தில் சில கிலோமீற்றர் ஓடுவார்கள். அவர்களுக்குப் பின்னால், எச்சரிக்கை விளக்கு சுழன்றபடி, ஒரு வாகனம் ஓட்டத்தின் வேகத்திலேயே ஊர்ந்து வரும். முறை முடிந்தவர் ஏறிக்கொள்ள, அடுத்தவர் இறங்குவார். வாகனத்துக்குள் எப்போதும் நனைந்த காலுறைகளின் வாடையும் வலிநிவாரணத் தைலத்தின் வாடையும் கலந்திருக்கும். போர்ட் ஹார்டியில் ஆண்டுக்கு 1,800 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. யாழ்ப்பாணத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வதைக் காட்டிலும் அது அதிகம் என்பதால், காலுறைகள் காயும் என்ற நம்பிக்கையை முதல் நாளே எல்லோரும் கைவிட்டுவிட்டார்கள்.

என் பக்கத்து இருக்கையில் இருப்பவர், தீவின் வடபகுதியில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற துணைமருத்துவர். வழி காட்டுவதும் வானொலிக் கருவியில் பின்வண்டிக்குச் செய்தி சொல்வதும் அவர் பொறுப்பு. போர்ட் மக்னீலுக்குச் செல்லும் வழியில் ஒரு வளைவை அண்மித்தபோது, அதுவரை தன் பேரக்குழந்தைகளைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தவர் திடீரென நிறுத்திவிட்டு, வளைவு கழிந்த பின்னரே மீண்டும் தொடர்ந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. சற்று நேரம் கழித்து அவராகவே, “இந்தச் சாலையில் எனக்கு அப்படிப் பல இடங்கள் உண்டு,” என்றார்.

திங்கள், வொஸ்

போர்ட் மக்னீலுக்குத் தெற்கே நிம்ப்கிஷ் ஏரியின் ஓரமாக நெடுஞ்சாலை செல்கிறது. ஏறத்தாழ 75 கிலோமீற்றர் தொலைவில் வொஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. இடையில் கடையோ வீடோ தென்படுவது அரிது. தொலைபேசி இணைப்பும் பெரும்பகுதியில் கிடைப்பதில்லை. மரம் ஏற்றிய லொறிகள் மட்டும் சேற்றுநீரை வாரி இறைத்தபடி கடந்து சென்றன. அவற்றின் சாரதிகள் எங்கள் பதாகையைக் கண்டதும் ஒலியெழுப்பினார்கள். ஓடியவர்களுக்கு அது உற்சாகமூட்டியது. ஆனால், ஆப்கானிஸ்தானின் காந்தகாரில் பணியாற்றிய முன்னாள் படைவீரர் ஒருவர் ஒவ்வொரு முறையும் தோள்களைச் சுருக்கிக்கொண்டதை நான் பின்னால் இருந்து பார்த்தேன். ஒலி வரப்போகிறது என்று அறிந்திருந்தும் உடல் அதற்குப் பழகுவதில்லை என்று மாலையில் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

வொஸில் வாழ்வோர் தொகை இருநூறு அளவிலேயே இருக்கும். 2017 ஏப்ரல் 20 அன்று, மரம் ஏற்றிய ரயில் பெட்டிகள் பிடிவிட்டுச் சரிவில் உருண்டோடி, தண்டவாளத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் மீது மோதியதில் மூவர் இங்கே உயிரிழந்தார்கள், இருவர் காயமுற்றார்கள். அதே ஆண்டின் இறுதியில் அந்த ரயில் பாதை நிரந்தரமாக மூடப்பட்டது. வட அமெரிக்காவில் மரவேலைக்கென்று எஞ்சியிருந்த கடைசிப் பாதைகளில் அதுவும் ஒன்று. நூறாண்டுக்கு முன் ஓடிய நீராவி இயந்திரம் ஒன்று ஊர் நடுவே காட்சிக்கு நிற்கிறது.

இரவு உணவின்போது துணைமருத்துவர் கதைத்த விடயம் இந்தப் பயணம் முழுவதற்கும் எனக்குத் திறவுகோலாக இருக்கும் என்று நினைக்கிறேன். போருக்குச் சென்ற படைவீரர், தம் மனத்தைக் காயப்படுத்திய இடத்தைக் கடலுக்கு அப்பால் விட்டுவிட்டு வருகிறார். அந்த இடம் அவருடைய கனவில் வரலாம், ஆனால் பால் வாங்கக் கடைக்குப் போகும் வழியில் வராது. சிற்றூரில் பணியாற்றும் தீயணைப்பாளருக்கும் துணைமருத்துவருக்கும் நிலைமை வேறு. நசுங்கிய காரிலிருந்து அவர்கள் வெட்டி வெளியே எடுப்பவர் மகனின் வகுப்புத் தோழனாகவோ, தபாலகத்தில் முத்திரை விற்பவராகவோ இருப்பார். அடுத்த நாள் காலை அதே இடத்தைக் கடந்துதான் வேலைக்குச் செல்ல வேண்டும். இறந்தவரின் தாயைக் கடையில் சந்திக்க வேண்டும். மனவடுவுக்கு ஆளானவர்கள் அதை நினைவூட்டும் இடங்களைத் தவிர்க்க முயல்வது அந்த நோயின் அடிப்படை அறிகுறிகளில் ஒன்று. நகரத்தில் வாழ்பவர் வேறு தெருவால் சுற்றிப் போகலாம். தீவின் வடபகுதியிலோ தெற்கே போவதற்கு இருப்பது இந்த ஒரே ஒரு நெடுஞ்சாலைதான்.

இந்த ஊர்களின் தீயணைப்பு நிலையங்களில் பெரும்பாலானவை தொண்டர்களால் இயங்குபவை. பகலில் மரம் வெட்டுபவரும் ஆசிரியரும் கடைக்காரரும் அழைப்புக் கருவி ஒலித்ததும் ஓடுகிறார்கள். வேலைத்தலத்தில் மனநல ஆலோசகர் என்று எவரும் அவர்களுக்கு இல்லை. அப்படி ஒருவர் இருந்தால்கூட, அவர் இருப்பது நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால்.

செவ்வாய், சேவர்ட் சந்தி

பனி பெய்தது. சாலையோரம் சறுக்கியதால் ஓட்டக்காரர்களின் முறைகள் குறுக்கப்பட்டன. இன்றைய பகுதி நீளமானது, தனிமையானது, அதிகம் சொல்வதற்கில்லாதது. நான்கைந்து எல்க் மான்கள் சாலையைக் கடந்ததும், அவற்றுக்காக ஓட்டம் சற்றே நின்றதும் அன்றைய பெரிய நிகழ்ச்சிகள்.

வாகனத்துக்குள் இருந்தவர்கள் நேரம் போக்கக் கதைத்தவை மட்டும் நினைவில் நிற்கின்றன. காந்தகாரில் இருந்தவர் படையினரின் மனக்காயத்துக்கு வைக்கப்பட்ட பெயர்களை வரிசைப்படுத்தினார். முதல் உலகப் போரில் எறிகணை அதிர்ச்சி என்றார்கள். 1915இல் சார்ல்ஸ் மயர்ஸ் என்ற பிரித்தானிய மருத்துவர் அதைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். இரண்டாம் உலகப் போரில் களைப்பு என்றார்கள். நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என்ற பெயரோடு அமெரிக்க உளமருத்துவ நூலில் அது இடம்பெற 1980 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கனடாவில் மக்கள் இதைப் பற்றி வெளிப்படையாகக் கதைக்கத் தொடங்கியதற்கு ஒரு தளபதியும் காரணம். 1994இல் ருவாண்டாவில் ஐக்கிய நாடுகள் அமைதிப் படைக்குத் தலைமை தாங்கி, கண்ணெதிரே நடந்த இனப்படுகொலையைத் தடுக்கப் படைவலு இன்றி நின்ற ரோமியோ டலேர், தமக்கு அந்த நோய் இருப்பதை மறைக்கவில்லை. அதன் காரணமாகவே 2000இல் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார். அடுத்த ஆண்டில், இதே நோயை அனுபவித்த படையினர் தம்மைப் போன்றோருக்குத் துணைநிற்கும் திட்டம் ஒன்று படைத்துறையின் ஆதரவோடு தொடங்கியது. அதைக் கட்டியெழுப்பிய ஸ்டெஃபான் கிரெனியேரும் ருவாண்டாவிலிருந்து திரும்பியவரே. தளபதிக்கே வரலாம் என்றால் தனக்கும் வரலாம் என்று நம்ப முடிந்தது என்றார் எங்கள் ஓட்டக்காரர். ஆப்கானிஸ்தானில் 40,000க்கு மேற்பட்ட கனடியப் படையினர் பணியாற்றினார்கள், 158 பேர் இறந்தார்கள். இறந்தவர்களின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன, திரும்பியவர்களைப் பற்றித்தான் கணக்குகள் தெளிவாக இல்லை என்பது அவருடைய குறை.

மாலையில் சேவர்ட் சந்தியை அண்மித்ததும் தொலைபேசி இணைப்பு மீண்டது. ரொறொன்ரோவிலிருந்து அக்கா மூன்று முறை அழைத்திருந்தார்.

“தம்பி, ஆமிக்காரருக்கோ நீ காசு சேர்க்கிறாய்?”

“ஆமிக்கு இல்லை அக்கா. ஆமியிலயிருந்து வந்தவைக்கு. நெருப்பணைக்கிறவை, அம்புலன்ஸ்காரர், அவைக்கும்தான்.”

“ரெண்டும் ஒண்டுதானே.”

அக்கா அப்படிக் கேட்பதில் வியப்பில்லை. சீருடையைக் கண்டால் வேலிக்குப் பின்னால் ஒளிந்த ஊரில் வளர்ந்தவர்கள் நாங்கள். நான் சரியான பதில் எதையும் தேடவில்லை. இங்கிருப்பவர்களில் பலர் இரவில் விளக்கை அணைக்க மாட்டார்கள் என்றும், உணவு விடுதியில் வாசலைப் பார்த்தபடிதான் உட்காருவார்கள் என்றும் மட்டும் சொன்னேன். அக்கா சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

“அப்பாவும் அப்பிடித்தானே. தொண்ணூற்றைஞ்சு இடப்பெயர்வுக்குப் பிறகு ஒரு நாளும் ஒழுங்கா நித்திரை கொள்ளேல்லை.”

பிறகு குளிருக்குத் தொப்பி போடச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் அவரோடு சேர்ந்தவர்களும் போர்க்காலத்திலேயே இந்த நோயைப் பற்றித் தமிழில் எழுதியும் கிராமப் பணியாளர்களைப் பயிற்றியும் வந்தார்கள். அப்பாவுக்கு அது போய்ச் சேரவில்லை. தூக்கமின்மையை வயதுக் கோளாறு என்றே கடைசிவரை நம்பினோம்.

புதன், காம்ப்பெல் ரிவர்

காட்டுப்பாதை முடிந்து கடலும் போக்குவரத்து விளக்குகளும் தோன்றியபோது அனைவர் முகத்திலும் தெளிவு வந்தது. உள்ளூரார் இருபது பேர் கடைசிக் கிலோமீற்றரில் சேர்ந்து ஓடினார்கள். நாள் முழுவதும் உண்டியல் நிறைந்தது. சிறுவன் ஒருவன் சில்லறைக் காசுகள் நிறைந்த போத்தலையே கொடுத்துவிட்டுப் போனான்.

இந்தப் பணம் எங்கே போகிறது என்று ஊரார் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லுமளவுக்கு நானும் இப்போது கற்றுக்கொண்டிருக்கிறேன். மனக்காயத்துக்கு ஆளானவரும் வாழ்க்கைத்துணையும் சேர்ந்து, அதே நிலையிலுள்ள வேறு இணையர்களோடு சில நாள்கள் தங்கிச் சிகிச்சை பெற்று, வீடு திரும்பிய பின்னும் மாதக்கணக்கில் வழிகாட்டல் பெறும் திட்டம் ஒன்று உண்டு. உளவியலாளர்கள் நடத்தும் குழுச் சிகிச்சை இன்னொன்று. பயிற்றப்பட்ட துணைநாய்களை வழங்குவதும், பெற்றோரின் நோயோடு வளரும் பிள்ளைகளுக்கு முகாம் நடத்துவதும் வேறு திட்டங்கள். இவற்றுள் இணையருக்கான திட்டமே மிகப் பொருத்தமானதாக எனக்குத் தோன்றுகிறது. கணவன் நள்ளிரவில் கத்திக்கொண்டு எழும்போது பக்கத்தில் படுத்திருப்பவர் மனைவிதான். பிள்ளைகளிடம் அப்பாவுக்கு இன்று தலையிடி என்று பொய் சொல்பவரும் அவர்தான். தனியாளுக்குச் சிகிச்சை கொடுத்து, பயந்துபோன அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதால் பாதி வேலைதான் முடிகிறது.

ஓட்டம் மருந்தாகாது என்பதையும் இங்கே எழுதிவைக்க வேண்டும். ஓடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று மண்டபத்தில் ஒருவர் உரக்கச் சொன்னபோது, எங்கள் ஓட்டக்காரர்களே அதை மறுத்தார்கள். அஞ்சிய இடத்துக்குத் திரும்பிச் செல்வதை உளவியலாளர்கள் சிகிச்சையாகவே பயன்படுத்துகிறார்கள். ஆனால் அது படிப்படியாக, பயிற்சி பெற்றவரின் துணையோடு, நோயாளர் ஒப்பும் அளவில் நடக்கிறது. அவரை வெறுமனே அந்த வளைவில் இறக்கிவிட்டு ஓடு என்பது சிகிச்சை ஆகாது.

வியாழன், கோமொக்ஸ்

கோமொக்ஸில் கனடிய விமானப்படையின் 19ஆம் படைத்தளம் இருக்கிறது. மஞ்சளும் சிவப்பும் பூசிய கோர்மொரன்ட் ஹெலிகொப்டர்களோடு மலையிலும் கடலிலும் தவறியவர்களைத் தேடும் 442ஆம் அணியின் இருப்பிடம் இதுவே. நாட்டின் தேடல் மீட்புத் தொழில்நுட்பவியலாளர்களைப் பயிற்றும் பள்ளியும் இங்கேதான் உள்ளது. செம்மஞ்சள் உடை அணிந்த அவர்கள் ஹெலிகொப்டரிலிருந்து கயிற்றில் இறங்குவார்கள், விமானத்திலிருந்து குதிப்பார்கள், பனியாற்றின் வெடிப்புக்குள் நுழைவார்கள். பிறர் வாழ்வதற்காக என்பது அவர்களின் குறிக்கோள் வாசகம்.

அப்படிப் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர் இன்று சில கிலோமீற்றர் எங்களோடு ஓடினார். கண்டுபிடிக்கப்பட்டவர்களை விடக் கண்டுபிடிக்கப்படாதவர்களே தம்மோடு தங்கிவிட்டார்கள் என்று அவர் சொன்னார். நேரம் முடிந்து, எரிபொருள் குறைந்து, தேடலை நிறுத்தும்படி கட்டளை வந்து ஹெலிகொப்டர் திரும்பும் நொடியைத்தான் அவர் பலமுறை கனவில் காண்கிறாராம். விபத்தைப் பார்ப்பதால் வரும் அச்சத்தைக் காட்டிலும், இன்னும் ஏதோ செய்திருக்கலாமே என்ற குற்றவுணர்வு ஆழமாக இறங்கக்கூடியது என்பதை அங்கிருந்த ஒவ்வொருவரும் வெவ்வேறு கதைகளில் சொன்னார்கள்.

மதியத்துக்குப் பின் தெற்கே இறங்கியபோது கடல் நிறம் மாறியிருந்தது. ஆண்டின் இந்தக் காலத்தில் ஹெரிங் மீன்கள் கரையோரம் திரண்டு முட்டையிடுகின்றன. ஆண் மீன்களின் விந்து கலந்து நீர் பால்கலந்த பச்சையாகிவிடுகிறது. கடற்சிங்கங்கள் குரைக்க, கழுகுகள் மரந்தோறும் குந்தியிருக்க, கரையெங்கும் மீன் நாற்றம். ஓட்டக்காரர்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துக்கொண்டே ஓடினார்கள். பின்வண்டியிலிருந்து எவரும் அவசரப்படுத்தவில்லை.

வெள்ளி, நனைமோ

பெரிய ஊர், நிறைந்த போக்குவரத்து, நான்கு இடங்களில் வரவேற்பு. களைப்பில் இரண்டு மட்டும் நினைவிருக்கிறது. அவற்றுள் ஒன்று தீயணைப்பு நிலையம்.

அங்கே கதைத்தவர்களின் கவலை வீதி விபத்துகளைப் பற்றியதாக இருக்கவில்லை. நச்சு கலந்த போதைப்பொருளைப் பற்றியதாக இருந்தது. 2016 ஏப்ரலில் பிரிட்டிஷ் கொலம்பியா அதைப் பொதுச் சுகாதார அவசரநிலையாக அறிவித்தது. அதற்குப் பின் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் இந்த மாகாணத்தில் மட்டும் இறந்திருக்கிறார்கள். ஒரே பணிமுறையில் ஒரே மனிதரை இரண்டு முறை நலொக்சோன் என்ற போதைமுறிப்பு மருந்தை ஏற்றி எழுப்பிய அனுபவம் அங்கே பலருக்கு இருந்தது. மூன்றாம் முறை போகும்போது அவர் எழும்பவில்லை என்றால் என்ன செய்வது என்று கேட்டேன். எழுத வேண்டிய படிவத்தை எழுதிவிட்டு அடுத்த அழைப்புக்குப் போவோம் என்றார் ஓர் இளைஞர். அவருக்கு இருபத்தைந்து வயதிருக்கும்.

கனடாவின் பொதுப் பாதுகாப்புப் பணியாளர் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2018இல் வெளியானது, 44.5 சதவீதத்தினரிடம் ஏதேனும் ஒரு மனநோயின் அறிகுறிகள் இருப்பதாக அது சொல்லியது. தாமே முன்வந்து பதிலளித்தவர்களின் கணக்கு அது என்பதையும், அறிகுறி வேறு மருத்துவரின் தீர்ப்பு வேறு என்பதையும் மறக்கக் கூடாது. ஆயினும் பொதுமக்களிடையே பத்தில் ஒருவர் என்ற அளவில் இருப்பதோடு ஒப்பிட்டால் இடைவெளி மிகப் பெரியது. அதே ஆண்டில் இந்த மாகாணம் ஒரு சட்டத் திருத்தம் செய்தது: பொலிஸார், தீயணைப்பாளர், துணைமருத்துவர், சிறை அலுவலர் ஆகியோருக்கு மனவடு நோய் வந்தால், அது வேலையால்தான் வந்தது என்று சட்டமே கருதும், நோயாளர் நிரூபிக்க வேண்டியதில்லை. 2019இல் அவசர அழைப்பை எடுப்போரையும் தாதியரையும் அதில் சேர்த்தார்கள்.

துணைமருத்துவர் அந்தத் திருத்தத்துக்கு முந்திய காலத்தவர். எந்த விபத்து, எந்தத் தேதி, எந்த உடல் தம்மை நோயாளியாக்கியது என்று ஓர் அலுவலகத்தில் அந்நியர் ஒருவருக்கு விளக்க வேண்டியிருந்ததாம். நோயைக் கூறுவதை விட, அதற்கு ஒரு தேதி கேட்டதே கொடுமையாக இருந்தது என்றார். ஒரு நாளில் வந்ததல்ல அது. இருபது ஆண்டுகளில் துளித்துளியாகச் சேர்ந்தது. அழைப்பை எடுப்பவர்களைச் சட்டம் ஓராண்டு தாமதித்துச் சேர்த்தது பற்றியும் அவருக்கு ஆற்றாமை உண்டு. இரத்தத்தைக் காணாதவருக்கு என்ன காயம் என்று கேட்போர் இருக்கிறார்கள். உதவி போய்ச்சேரும்வரை அந்தக் குரலைக் காதில் வைத்திருப்பவர் அவரே என்பதையும், கதை எப்படி முடிந்தது என்று பல வேளை அவருக்குத் தெரிவதே இல்லை என்பதையும் எண்ணிப் பார்த்தால் அந்தக் கேள்வி எழாது.

சனி, டங்கன்

தூறல். லேடிஸ்மித், டங்கன் என்று ஊருக்கு ஊர் ஓய்வு. குலமரபுத் தூண்கள் நிறைந்த டங்கன் தெருக்களில் பொலிஸ் வாகனம் ஒன்று முன்னே வழி விலக்கிச் சென்றது. முன்னாள் படையினரின் மன்றமான லீஜன் மண்டபத்தில் மதிய உணவு: சூப், பாண், அளவற்ற கோப்பி.

மண்டபத்தில் நடந்த ஒன்றை மட்டும் எழுதுகிறேன். உரைகள் முடிந்து நாங்கள் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கிய பின்னர், கடைசி வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் எழுந்து வராமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். காந்தகாரில் இருந்தவர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் கதைத்தார்கள். ஓட்டத்தின் கால அட்டவணை குலைந்தது. அவருடைய முறையை வேறொருவர் ஓடினார். ஒரு கிழமையாக வாகனம் ஓட்டிவந்த எனக்கு இப்போது தெளிவாகத் தெரிவது இதுதான்: இந்த முயற்சியின் பயன் ஓடும் நேரத்தை விட நிற்கும் நேரத்தில்தான் அதிகம். ஓட்டம் இல்லாவிட்டால் அந்த மண்டபத்துக்கு அந்த முதியவர் வந்திருக்க மாட்டார், மனநலக் கூட்டம் என்று அறிவித்திருந்தால் வாசலையே மிதித்திருக்க மாட்டார். ஓட்டக்காரர்களுக்குச் சூப் கொடுக்க வந்ததாக அவர் வீட்டில் சொல்லிவிட்டு வரலாம்.

இரவில் பொருள்களை எடுத்துக்கொண்டு நான் முன்னதாகவே மாலஹாட் மலைச்சாலையால் விக்டோரியாவுக்கு வந்துவிட்டேன். 350 மீற்றர் உயரத்தில், குறுகிய வளைவுகளோடு போகும் அந்தச் சாலையில் துணைமருத்துவர் எந்த இடத்திலும் பேச்சை நிறுத்தவில்லை. இது என்னுடைய பகுதி இல்லையே என்றார், நான் கேட்காமலேயே.

ஞாயிறு, விக்டோரியா

காலையில் எஸ்குவைமால்ட் வழியாக வந்தோம். கனடாவின் பசிபிக் கடற்படைத் தளம் அங்கே இருக்கிறது. தமிழர்களில் பலருக்கு அந்தப் பெயர் வேறொரு காரணத்தால் தெரிந்திருக்கும். 2010 ஓகஸ்ட் 13 அன்று, 492 ஈழத்தமிழரை ஏற்றிவந்த ‘சன் சீ’ கப்பல் கடற்படையின் காவலோடு கொண்டுவந்து நிறுத்தப்பட்டது இந்தத் தளத்தில்தான். வழியில் ஒருவர் இறந்திருந்தார். தாய்மாரும் கைக்குழந்தைகளும் உட்பட வந்தவர்கள் அனைவரும் தடுத்துவைக்கப்பட்டதும், பலர் மாதக்கணக்கில் சிறையிருந்ததும், அன்று வானொலிகளிலும் நாளேடுகளிலும் அவர்களைப் பற்றிப் பேசப்பட்டவையும் எனக்கு மறக்கவில்லை. அந்த நீரிணையைப் பார்த்துக்கொண்டு, கனடியப் படையினருக்காகப் பணம் சேர்க்கும் வாகனத்தை ஓட்டியபோது மனம் ஒருநிலையில் இருக்கவில்லை என்பதை மறைப்பதற்கில்லை. அந்தக் கப்பலில் வந்தவர்களின் மனக்காயத்துக்காக எவரும் தீவின் நீளத்துக்கு ஓடவில்லை. இதைக் காந்தகாரில் இருந்தவரிடம் சொன்னேன். அவர் மறுக்கவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை; “ஓட வேண்டியதுதான், யார் தொடங்குவது என்று சொல்லுங்கள்,” என்றார். அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

1897இல் கட்டி முடிக்கப்பட்ட சட்டமன்றத்தின் படிகளில் கூட்டம் காத்திருந்தது. கடைசித் துண்டைக் குழு முழுவதும் சேர்ந்து ஓடியது. காலில் காயம்பட்டு மூன்று நாள்களாக வண்டியில் இருந்தவரும் இறங்கி நடந்தார். குழாயிசை, உரைகள், புகைப்படங்கள் எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்தன.

பின்னர் சிலர் பீக்கன் ஹில் பூங்காவின் ஓரத்திலுள்ள மைல் பூச்சியம் என்ற இடத்துக்குப் போனோம். நாட்டின் குறுக்கே செல்லும் நெடுஞ்சாலை அங்கே தொடங்குகிறது. செயற்கைக் காலோடு ஓடும் டெரி ஃபொக்ஸின் சிலை அங்கே உண்டு. 1980 ஏப்ரல் 12 அன்று அட்லாண்டிக் கரையில் புறப்பட்ட அவர், புற்றுநோய் ஆய்வுக்கு நிதி சேர்த்தபடி 143 நாள்களில் 5,373 கிலோமீற்றர் ஓடி, தண்டர் பே அருகே நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்தினார். கனடாவில் எவர் எந்த நோக்கத்துக்காக ஓடினாலும் அவருடைய நிழல் விழாமல் இருப்பதில்லை. புற்றுநோயை அன்று வெளியே சொல்லத் தயங்கியவர்கள் இருந்தார்கள், அந்த இளைஞன் தெருவுக்கு வந்து சொன்னான் என்றார் துணைமருத்துவர்.

மாலைப் படகில் தீவிலிருந்து பெருநிலத்துக்குத் திரும்பும்போது எங்களில் ஐந்து பேர் ஒரே மேசையில் இருந்தோம். ஓட்டத்துக்குப் பிந்திய கிழமைகளே கடினமானவை என்று முன்னர் ஓடியவர்கள் சொன்னார்கள். எட்டு நாள் சேர்ந்து உண்டு, சேர்ந்து நனைந்து, நள்ளிரவில் விழித்தால் பக்கத்தில் இன்னொருவரும் விழித்திருப்பார் என்று அறிந்திருந்தவர்கள், தனி அறைகளுக்குத் திரும்புகிறார்கள். அதனால் சிலர் தமக்குள்ளே ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள்: பெயர்களை இணைசேர்த்து, ஒவ்வொருவரும் கிழமைக்கு ஒரு முறை மற்றவரை அழைக்க வேண்டும். சாரதிகளுக்கும் அதில் விலக்கில்லை. எனக்கு விழுந்தது, தன் ஊருக்குப் போக வடக்கே திரும்பியிருந்த துணைமருத்துவரின் பெயர். புதன்கிழமை இரவு ஏழு மணிக்கு நான் எடுக்க வேண்டும். அவர் எடுக்காவிட்டால் பத்து நிமிடம் கழித்து மறுபடியும், அப்போதும் எடுக்காவிட்டால் அவர் கணவரின் இலக்கத்துக்கும். அந்த இலக்கத்தையும் தாளில் எழுதித் தந்திருக்கிறார்கள்.